எதிரியைக் காட்டக் காசில்லாதவர்கள்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்கிறார் டாக்டர், நான் குடியிருப்பதோ மூன்றாவது மாடி. லிஃப்ட் போடுகிறேன், போடுகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வாடகையை மட்டும் ஏற்றிவிட்டார். அது கிடக்கட்டும், நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் பையன், அதான் என் மருமகன், படிப்பை முடிக்கிறதுக்குள் போர்ப்படம் எடுக்கப் போகிறான், எதிரியின் பகுதியில் மாட்டிக்கொண்ட நாலு சிப்பாய்களின் கதை, கையில் இருப்பதோ நீ கொடுத்ததும் கூட்டாளிகள் போட்டதும்தான் என்று எழுதியிருக்கிறாய். "இவ்வளவு காசில் போர்ப்படமா? நீ சொன்னால் கேட்பான், கொஞ்சம் புத்தி சொல்" என்கிறாய். தப்பான ஆளிடம் வந்திருக்கிறாய் மாப்ள. காசில்லாதவன் போர்ப்படம் எடுப்பதென்றால் இந்தக் கதையைத்தான் எடுக்க வேண்டும்.

யோசித்துப் பார். படையோடு போகிற சிப்பாயைக் காட்ட டாங்கி வேண்டும், விமானம் வேண்டும், ஆயிரம் பேர் வேண்டும். படையிலிருந்து அறுந்துபோனவனுக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது? எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பணம் இல்லாததால் இயக்குநர் எதையெல்லாம் காட்ட முடியவில்லையோ, அதையெல்லாம் அந்தச் சிப்பாயாலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த வெற்றிடத்தில் இயக்குநர் எதைப் போட்டு நிரப்புகிறார் என்பதில்தான் பாதிப் பேர் கவிழ்ந்துபோகிறார்கள்.

அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லரின் 'தி ஸ்டீல் ஹெல்மெட்' படத்தை அவனை முதலில் பார்க்கச் சொல். கொரியப் போர் 1950 ஜூனில் தொடங்கியது, படம் 1951 ஜனவரியில் திரைக்கு வந்துவிட்டது. பத்தே நாள் படப்பிடிப்பு, செலவு சுமார் 1,04,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. கொரியக் காடு என்று காட்டியது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கிற கிரிஃபித் பூங்காவை. டாங்கியை ஒட்டுப்பலகையில் செய்தார்கள். கூட்டத்துக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இருபத்தைந்து பேர். அமெரிக்கப் படையும் அவர்கள்தான், வட கொரியப் படையும் அவர்கள்தான். பூங்கா என்பது தெரியாமல் இருக்கப் புகையை அள்ளி விட்டார்கள். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கிறவர்களை மரத்தின் மேலிருந்து எவனோ சுடுகிற கட்டம் ஒன்று வரும். சுடுகிறவன் எங்கே என்று அவர்களைப் போலவே நாமும் தேடிக்கொண்டிருப்போம்.

படம் தொடங்குவதே ஒரு தலைக்கவசத்தில்தான். குண்டு துளைத்த ஓட்டை தெரிகிறது, சும்மா தரையில் கிடக்கிறது என்று நினைக்கிறோம். அது மெல்ல உயர்கிறது, கீழே இரண்டு கண்கள். வட கொரியர்கள் கைகளைக் கட்டிப்போட்டுச் சுட்டுத்தள்ளிய அமெரிக்கக் கைதிகளில் தப்பிப் பிழைத்த ஒரே ஆள், சார்ஜென்ட் ஸாக். ஊர்ந்து வருகிறார். எதிரே செருப்பில்லாத இரண்டு கால்கள், கூடவே ஒரு துப்பாக்கி. ஒரு கொரியச் சிறுவன். இந்த ஆரம்பத்துக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடச் சொல் அவனை.

ஃபுல்லருக்கு இது எப்படிக் கைவந்தது என்றால், அவர் இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்தவர், 1944இல் அமெரிக்கப் படை பிரான்ஸில் கரையேறிய ஓமஹா கடற்கரையில் இறங்கியவர். அதனால் சிப்பாய் எதை நினைப்பான் என்று அவருக்குத் தெரியும். ஸாக்குக்கு நாட்டைப் பற்றியோ தத்துவம் பற்றியோ பேச்சே கிடையாது. அடுத்த வேளைச் சாப்பாடு, சுருட்டு, கால். செத்துக் கிடக்கிறவனைத் தொடாதே என்கிறார் ஒரு கட்டத்தில். அடையாளத் தகட்டை எடுக்கப் போகிறவன் பிணத்தில் கட்டி வைத்திருந்த வெடியில் சிதறுகிறான். இப்படிச் சின்னச் சின்ன விஷயமாகவே போய்க்கொண்டிருக்கும் படம் திடீரென்று பெரிய இடத்தில் கை வைக்கும். பிடிபட்ட வட கொரிய அதிகாரி, தனக்குக் கட்டுப்போடும் கறுப்பின மருத்துவச் சிப்பாயிடம், உன் நாட்டில் நீ பேருந்தில் பின்னால்தானே உட்கார வேண்டும் என்று கேட்பான். ஜப்பானிய வம்சாவளிச் சிப்பாயிடம், போன உலகப் போரில் அமெரிக்காவிலேயே உங்கள் ஆட்களை முகாமில் அடைத்தார்களே என்பான். 1951இல் பெரிய ஸ்டூடியோ எதுவும் இதைத் தொட்டிருக்காது. ஸாக் அந்தக் கைதியைச் சுட்டுவிடுகிற காட்சியால் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்குக் கோபம் வந்து ஃபுல்லரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்படியெல்லாம் நடந்ததுண்டு என்று அவருடைய பழைய படைத்தலைவரே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அதே கறுப்பின நடிகர், ஜேம்ஸ் எட்வர்ட்ஸ், 1957இல் ஆன்டனி மன் எடுத்த 'மென் இன் வார்' படத்திலும் வருவார். அதுவும் கொரியாதான், துண்டிக்கப்பட்ட ஒரு பிளட்டூன், அதாவது சின்னப் படைப்பிரிவுதான். அமெரிக்க ராணுவம் உதவ மறுத்த படம். எட்வர்ட்ஸ் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, தலைக்கவச வலையில் காட்டுப்பூக்களைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னாலிருந்து வருகிறவனை நாம் பார்ப்போம், அவர் பார்க்க மாட்டார். மற்றபடி அந்தப் படம் இடையிடையே இழுக்கும், பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இனி அவனுக்கு எச்சரிக்கையாக ஒன்று. ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் படம் 'ஃபியர் அண்ட் டிசையர்', 1953இல் வெளிவந்தது. குப்ரிக் என்றால் பயல் காலில் விழுவான், எனக்குத் தெரியும். இது அவனுடைய கதையேதான்: விமானம் விழுந்து எதிரியின் பகுதியில் மாட்டிக்கொண்ட நாலு பேர். அவருக்கும் அப்போது இருபத்துச் சொச்சம் வயது, பணம் போட்டது மருந்துக்கடை வைத்திருந்த மாமா. (மாமாக்களின் தலையெழுத்து எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.) லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து மலையில் ஒரு சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எடுத்தார். கேமராவைத் தள்ளக் குழந்தை வண்டி. பனிமூட்டத்துக்குப் பயிருக்கு மருந்தடிக்கிற கருவி. அதில் பூச்சிமருந்து மிச்சம் இருந்து, நடிகர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒலியைப் பிறகு சேர்த்தால் சிக்கனம் என்று நினைத்து ஊமைப்படமாக எடுத்து முடித்தார், கடைசியில் அந்த ஒலிச் செலவுதான் கையைக் கடித்தது. இதை மட்டும் மருமகனிடம் இரண்டு தடவை சொல்.

படம்? ஒளிப்பதிவு கண்ணைப் பறிக்கும். ஆனால் இது எந்தப் போருமில்லை, எல்லாப் போரும்தான் என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்லிவிடும். அதோடு காரியம் கெட்டது. எந்த ஊர், எந்த வருஷம், அவர்களுக்குப் பசிக்கிறதா, பூட்ஸ் ஈரமா என்று ஒன்றும் கிடையாது. ஆளாளுக்கு வாழ்க்கை, மரணம் என்று மனதுக்குள் பேசிக்கொண்டே நடப்பார்கள். லெப்டினன்டாக நடித்தவரே எதிரி ஜெனரலாகவும் வருவார். செலவும் மிச்சம், அர்த்தமும் ஆயிற்று என்று குப்ரிக் நினைத்திருப்பார். நல்ல யோசனைதான், ஆனால் அர்த்தத்தைத் தூக்கிக் கண்ணெதிரே ஆட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கும். கத்துக்குட்டித்தனமான முயற்சி என்று பிற்காலத்தில் அவரே ஒதுக்கிவிட்டார், யாரும் அதைத் திரையிடாமல் இருக்கவும் முயன்றார்.

இதற்கு நேர் எதிர் பியர் ஷூன்டார்ஃபர் எடுத்த '317ஆவது பிளட்டூன்'. 1965, பிரெஞ்சுப் படம். இந்த வகையில் எனக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை. 1954 மே மாதம், வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிக் கதை முடிகிற நேரம். காட்டுக்குள் இருக்கும் ஒரு ராணுவக் காவல் முகாமைக் கைவிட்டுத் தெற்கே நடந்து வரச் சொல்லி உத்தரவு. பிரெஞ்சுக்காரர்கள் நாலே பேர், மற்றவர்கள் எல்லாம் லாவோஸ்காரர்கள். பள்ளிப்படி இறங்கி வந்தவன் போல ஒரு இளம் லெப்டினன்ட். அவனுக்குக் கீழே ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதிக்காரர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்து பழுத்தவர். கதை என்று பார்த்தால் ஒரே கேள்விதான்: காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நடப்பதா, விட்டுவிட்டு வேகமாகப் போவதா? தூக்கத்தான் வேண்டும் என்கிறான் இளையவன். தூக்கினால் எல்லாரும் சாவோம் என்கிறார் மூத்தவர். ஒவ்வொரு ஆற்றைக் கடக்கும்போதும் அந்த ஸ்ட்ரெச்சரின் கனம் நம் தோளில் இறங்கும்.

இயக்குநர் பிரெஞ்சு ராணுவத்தின் படப்பிடிப்பாளராக வியட்நாமில் பிரெஞ்சு ராணுவத்தின் கோட்டையாக இருந்த தியன் பியன் ஃபூவில் இருந்து, 1954 மே 7ஆம் தேதி அது விழுந்தபோது கைதானவர். படத்தைக் கம்போடியக் காட்டில் எடுத்தார். நடிகர்களும் குழுவும் சிப்பாய்கள் மாதிரியே காட்டில் கிடந்து, ராணுவ ரேஷனைத் தின்று, மழையில் நனைந்தார்கள். ஒளிப்பதிவாளர் ரவுல் குத்தாரும் அதே போரைப் படமெடுத்தவர்தான். மேக்கப்பால் வராத களைப்பு அந்த முகங்களில் இருக்கும்.

உடனே நீ கேட்பாய், போருக்குப் போகாதவன் இந்தப் படமே எடுக்கக் கூடாதா என்று. எடுக்கலாம். போனவர்களிடம் போய் உட்காரட்டும். உங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் இருக்கிறார்களே. வீரதீரக் கதை கேட்காமல், தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வீர்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும், ராத்திரி முறை போட்டுக் காவல் இருக்கும்போது தூக்கத்தை எப்படி விரட்டுவீர்கள் என்று கேட்கட்டும். அப்புறம், எந்த நாடு, எந்த வருஷம் என்பதை எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ளச் சொல். டம்மித் துப்பாக்கியோடு மலைப்பக்கம் போகிறதென்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும், காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிஜமாகவே மாட்டிக்கொள்வான்.

திரைக்கதையை எனக்கு அனுப்பச் சொல். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் என் கண்ணுக்கு ஆகாது, பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்பட்டும். நான் சிவப்புப் பேனாவில் கிறுக்குவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பணம் குறைந்தால் உன்னிடம் மறுபடி கேட்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். பொங்கலுக்கு ரயில் டிக்கெட் இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது. உறுதியானால் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்