பிளட்லைற் பாஸ்! உதவின எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

வணக்கம் எல்லாருக்கும்,

எங்கட உதைபந்தாட்டக் கிளப்பின்ர கிரவுண்ட் சோதினைப் பேப்பர் வந்திட்டுது. பாஸ். நேற்றுப் பின்னேரம் ஈமெயில் வரேக்க நான் வேலையில நிண்டன், ஒருக்கா வாசிச்சு, நம்பாமத் திருப்பி வாசிச்சு, பிறகு ரொய்லெற்றுக்குள்ள போய் நிண்டு இன்னொருக்கா வாசிச்சன். வெளிய வர, வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் "வீட்டில ஏதும் பிரச்சினையோ" எண்டு கேட்டான், என்ர முகம் அப்பிடி இருந்திருக்கு.

இங்கிலிஷில சேர்மன் முறையா நன்றி எழுதிப் போட்டிட்டார், ஸ்பொன்சர் ஆக்கள் எல்லாற்ற பேரும் இருக்கு, அதில ஒரு குறையும் இல்லை. ஆனா எங்கட சனம் கனபேர் இந்த மாரிக்குள்ள ஓடித்திரிஞ்சவை, அவைக்கு எங்கட பாஷையில சொல்லோணும் போல இருந்தது. அதோட சேர்மன்ட கடிதத்தில ஒரு மனிசனைப் பற்றி அரை வரிதான் இருக்கு, எனக்கு அது காணாது. அவரைப் பற்றித்தான் கூட எழுதப்போறன், முதலே சொல்லிப்போட்டன், பிறகு ஒருத்தரும் கோவிக்கக் கூடாது.

என்ன நடந்தது ஆர் என்ன சொன்னது எண்டதை நான் இஞ்ச இழுக்கேல்லை, உங்கள் எல்லாருக்கும் தெரியும். போன சீசன் ஒரு டிவிஷன் மேல ஏறின எங்களிட்ட, பிளட்லைற் (இரவு மட்சுக்குக் கிரவுண்டில போடுற பெரிய லைற்) வெளிச்சம் காணாது எண்டு லீக்காரர் சொன்னவை. மார்ச் 31க்குள்ள கிரவுண்ட் கிறேடிங் (கிரவுண்ட் அந்த டிவிஷனுக்குக் காணுமோ எண்டு பாக்கிற சோதினை) பாஸ் பண்ணாட்டி, புள்ளிப் பட்டியலில எத்தினையாம் இடத்தில நிண்டாலும் கீழ இறக்கிப்போடுவினம். சுருக்கமா அவ்வளவுதான்.

முதல்ல எல்லாரையும் ஒண்டாச் சேத்துச் சொல்லிப்போடுறன். ஸ்ராண்டுக்குக் கூரைத்தகரம் அடிச்ச அண்ணைமார், தங்கட பழைய சீற்றைக் கழட்டித் தந்த கிளப், அதை மழைக்க வானில ஏத்திக்கொண்டு வந்த பெடியள், ஒவ்வொரு சீற்றிலயும் நம்பர் ஒட்டின தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சின்னனுகள் (17 ரண்டு தரம் வருது, பரவாயில்லை, ஆரும் கேட்டா ஒருத்தற்ற மடியில இருக்கச் சொல்லுவம்), பெயின்ற் தந்த கடைக்காரர், மேசையும் அண்டாவும் இரவல் தந்த கோயில்காரர், வேலியை வெல்ட் பண்ணிப்போட்டு அரைவாசிக் காசு மட்டும் வாங்கின போலந்துக்காரர், பிறீமியர் லீக் ஸ்ரேடியம் ஃபண்டுக்கு விண்ணப்பம் எழுத இரவிரவா எங்களோட இருந்த அக்கா. அந்த ஃபண்ட் ஒரு பங்குதான் தரும், மிச்சத்தை நாங்களே தேடோணும், அந்த மிச்சத்துக்கு ரொட்டியும் ரோல்ஸும் வித்த அம்மாமார். எல்லாருக்கும் கோடி நன்றி. ஆரையும் விட்டிருந்தா நேர காணேக்க ஏசுங்கோ.

இனி அந்த மனிசன்.

எழுபது வயசு தாண்டின வெள்ளைக்காரர். எங்கட டிவிஷனிலயே விளையாடுற இன்னொரு கிளப்பின்ர கிரவுண்ட்ஸ்மன், அதாவது கிரவுண்டைப் பராமரிக்கிறவர், சம்பளம் இல்லாம. முந்தி றோட்டு லைற் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். பேர் போடேல்லை, போட்டா என்னைக் கொல்லுவார். நாங்கள் அவையின்ர கிரவுண்டில விளையாடப் போன அண்டைக்கு, அரைவாசி நேரத்தில தேத்தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க எங்கட கிற்மான் (பிளேயர்மாற்ற உடுப்பு, சாமான் பாக்கிறவர்) அவரிட்ட சும்மா சொல்லியிருக்கிறார், எங்கட பிளட்லைற் வெளிச்சம் காணாதாம், புது எல்.ஈ.டி போடக் கேக்கிற விலைக்கு எங்கட முழு சீசன் கேற் காசும் (மட்ச் பாக்க வாறவை வாசலில குடுக்கிறது) காணாதாம் எண்டு. மனிசன் ஒண்டும் சொல்லேல்லையாம், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு போட்டாராம்.

அடுத்த கிழமை திங்கக்கிழமை இரவு, பிராக்ரிஸ் முடிஞ்சு நான் கேற் பூட்டப் போறன், ஒரு பழைய வான் வந்து நிக்குது. இறங்கினவர் கையில வெளிச்சம் அளக்கிற லக்ஸ் மீற்றர் ஒண்டு, மற்றக் கையில வாளி, வாளிக்குள்ள கார் கழுவிற சோப்பும் கிழிஞ்ச ரீசேட்டுகளும். "தூண் மடங்கிற மாதிரியோ, ஏறிற மாதிரியோ?" இதுதான் அந்த மனிசன் என்னோட கதைச்ச முதல் கதை, வணக்கமும் இல்லை ஒண்டும் இல்லை. மடங்கிறது எண்டன். "அப்ப லைற் எல்லாத்தையும் போடு, முதல்ல அளப்பம்."

என்ர மகன் நிண்டவன், அவனிட்ட கொப்பியையும் பென்சிலையும் குடுத்திட்டு, கிரவுண்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு மூலையில இருந்து நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டத்திலயும் நிண்டு, மீற்றரை நிலத்தோட பிடிச்சு, நம்பரைக் கத்திச் சொல்லுவார், மகன் எழுதுவான். குளிர் எண்டா அப்பிடி ஒரு குளிர், காது விறைச்சுப் போச்சு. நடுவில நல்ல வெளிச்சம் இருக்கு, கிளப்ஹவுஸ் பக்கத்து மூலைக்குப் போகப் போக நம்பர் இறங்குது இறங்குது, கோர்னர் கொடியடியில அவர் மீற்றரைத் தட்டிப் பாத்தார் பழுதோ எண்டு.

பிறகு அந்த மூலைத் தூணை விஞ்ச் போட்டு மெல்லச் சாய்ச்சு இறக்கினம். லைற் கண்ணாடியைக் கிட்டப் பாத்தா எனக்கு வெக்கமாப் போச்சு. எங்களுக்கு முன்னம் இருந்த கமிற்றியும் துடைக்கேல்லை, அதுக்கு முன்னம் இருந்ததும் துடைக்கேல்லைப் போல, உள்ளுக்க செத்த பூச்சி ஒரு பிடி, சிலந்தி வலை, பச்சைப் பாசி, கண்ணாடி தேத்தண்ணி நிறத்தில. அவர் மூடியைத் திறந்து பூச்சியை உள்ளங்கையில அள்ளி மகனுக்குக் காட்டினார், "உங்கட வெளிச்சத்தைத் திண்டவை இவைதான்" எண்டு. இன்னொரு லைற் கொடிப் பக்கம் பாக்காம வேலிக்கு அங்கால அலொட்மென்ற் தோட்டத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு, எந்தப் புயலுக்குத் திரும்பினதோ தெரியாது, ஆரோ ஒருத்தற்ற உருளைக்கிழங்குக்கு நாங்கள் வருசக் கணக்கா கரண்ட் காசு கட்டியிருக்கிறம். அந்தப் பக்கத்து ஆக்கள் வெளிச்சம் கூட எண்டு கடிதம் போட்டது, லீக்காரர் வெளிச்சம் காணாது எண்டது, ரண்டும் சரிதான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

எல்லாத் தூணையும் ஒரே இரவில முடிக்கேலாது, திருப்பித் திருப்பி வந்தார். ஒவ்வொரு தரமும் இறக்கி, கழுவி, துடைச்சு, ஒளி மங்கின குமிழை மாத்தி (குமிழ் மட்டும் நாங்கள் வாங்கிக் குடுத்தம்), திருப்பின பக்கம் சரியோ எண்டு கீழ நிண்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பாத்து, ஏத்தி, திரும்ப அளந்து. நம்பர் ஏற ஏற மகன் கத்துறான் கோல் அடிச்ச மாதிரி. பேந்து முறையான ஆள் வந்து அளந்து பேப்பர் எழுதித் தந்தது வேற கதை, ஆனா அந்தப் பேப்பரில இருக்கிற நம்பர் அந்த வாளிக்குள்ள இருந்துதான் வந்தது.

பெற்றோல் காசு நீட்டினன், கையைத் தட்டிவிட்டார். ரீ பாரில மிஞ்சின மட்டன் ரோல் குடுத்தன், அதை வாங்கினார், காரம் பிடிச்சு மூக்கைத் துடைச்சுத் துடைச்சுத் திண்டிட்டு மனிசிக்கும் ரண்டு சுத்தித் தரச் சொன்னார். பிறகு வரேக்க எல்லாம் வான் கதவைத் திறக்க முதல் ரோல்தான் கேப்பார்.

இப்ப நான் ஏன் இவ்வளவு எழுதுறன் எண்டா, அவற்ற கிளப் இண்டைக்கு டிவிஷனின்ர அடியில நிக்குது. இறங்கிற கோட்டுக்குக் கீழ. இந்த லீக்குகளில கிறேடிங்கில ஒரு கிளப் விழுந்து இடம் ஒண்டு காலியானா, இறங்கவேண்டிய கிளப்பில ஒண்டைத் திருப்பி மேல எடுக்கிற வழக்கம் இருக்கு. அதாவது நாங்கள் ஃபெயிலாகியிருந்தா அவை தப்பிறதுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். எனக்கு இதை வயித்துக்குள்ள வச்சிருக்க ஏலாமப் போய் ஒருநாள் நேர கேட்டன், உங்களுக்கு இது தெரியுமோ எண்டு. "தெரியும்" எண்டவர், அடுத்த மூச்சில, "அந்தத் தூணடியில கேபிளைப் பார், எலி கடிச்சிருக்கு" எண்டார். அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

ஊரில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு இது என்ன பெரிய விஷயம் எண்டு இருக்கும். ரீவியில காட்டிற இங்கிலாந்து உதைபந்தாட்டம் மேல இருக்கிற நாலு டிவிஷன், 92 கிளப். அதுக்குக் கீழதான் நாங்கள், நொன்-லீக், ஸ்டெப் 1, 2, 3 எண்டு கீழ கீழ போகும், போன சீசன் நாங்கள் 5ல இருந்து 4க்கு ஏறினம். ஏறின அண்டைக்கு ஆடின ஆட்டம் வீடியோவில பாத்திருப்பியள். ஏறினாப் பிறகுதான் சங்கதி தெரியும். முந்தி எங்களோட விளையாடினவை பஸ்ஸில வரக்கூடிய தூரம், அவையின்ர சனம் வரும், கேற்றில காசு விழும், பாரில விழும். இப்ப எதிர் ரீம் மணித்தியாலக் கணக்கில ஓடி வருது, கூட வாறது ரண்டு பிளேயரின்ர தாய் தேப்பனும் ஒரு நாயும். நல்ல பிளேயர் கூடக் காசு கேக்கிறான், பிழையில்லை, செவ்வாய்க்கிழமை வேலையால அரைநாள் லீவு எடுத்துத்தானே தூரத்து மட்சுக்கு வாறான். கூலி ஏறும், கோச் வாடகை ஏறும், கேற் காசு இருந்த இடத்திலயே நிக்கும், சில நேரம் குறையும்.

எங்களுக்கு மட்டுமில்லை இது. 1996ல ஸ்ரீவனேஜ் கொன்பரன்சை (இப்பத்தைய நாஷனல் லீக், நொன்-லீக்கின்ர உச்சி டிவிஷன்) வெண்டும் மேல போகேலாமப் போச்சு, கிரவுண்ட் சரியில்லை எண்டு, அதுக்கு முந்தி 1994ல கிடர்மின்ஸ்ரர், 1995ல மக்கிள்ஸ்பீல்ட், அதே கதை. 2024ல கேற்ஸ்ஹெட், மேல ஏறிறதுக்கு விளையாடுற பிளே-ஓஃப் இடத்தைப் பிடிச்சும் விளையாட விடேல்லை, அந்த ஸ்ரேடியத்தில பத்து வருசம் இருப்பம் எண்டு ஈ.எஃப்.எல் (பிறீமியர் லீக்குக்குக் கீழ இருக்கிற மூண்டு டிவிஷனை நடத்திறவை) கேட்ட உறுதியைக் குடுக்கேலாமப் போச்சு. அந்தச் சூட்டோட வெம்பிளிக்குப் போய் நொன்-லீக் கிளப்புகளின்ர கிண்ணமான எஃப்.ஏ. ட்ரோஃபியைத் தூக்கிக்கொண்டு வந்தவை, எனக்கு அவையை அண்டையில இருந்து பிடிக்கும். எங்களுக்குப் பக்கத்தில சட்டன், 2021ல ஈ.எஃப்.எல்லுக்கு ஏறினவுடன நல்ல செயற்கைப் புல்லைக் கிளப்பிப்போட்டு மண்ணும் புல்லும் போடவேண்டி வந்தது, அங்க செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. கிழமை முழுக்கச் சின்னப் பெடியள் விளையாடின இடம் அது. அடுத்த வருசமே வெம்பிளியில ஒரு ஃபைனல், 2024ல திரும்பக் கீழ. 2025ல ட்ரூரோ, அது கோர்ன்வோல் மூலையில கிடக்கிற ஊர், நாஷனல் லீக்குக்கு ஏறிச்சுது, கேற்ஸ்ஹெட்டுக்கு விளையாடப் போறதெண்டா ஒரு போக்குக்கே 700 கிலோமீற்றர் அளவு. ஏறினதுக்குக் கிடைச்ச பரிசு கோச்சுக்குள்ள நித்திரை.

இந்த விதி எல்லாம் விசர் எண்டு குறூப்பில சிலபேர் எழுதினவை, நான் முழுசா ஒத்துக்கொள்ளமாட்டன். 1985 மே 11 பிராட்ஃபோர்டில மர ஸ்ராண்ட் பத்தி எரிஞ்சு 56 சனம் செத்தது இந்த நாட்டிலதான். ஸ்ராண்டைப் பார், வாசலைப் பார், வெளிய போற வழியைப் பார் எண்டா பாக்கத்தான் வேணும். என்ர கோவம் அதில இல்லை. விதி ஒரே விதி, ஆனா பெரிய கிளப்பில அதைப் பாக்க ஒரு ஒஃபிஸ் நிறைய ஆக்கள், எங்களிட்ட இரவு வேலை முடிச்சு வாற நாலுபேர். என்ன கேக்கினம் எண்டு வாசிச்சு விளங்கவே ஒரு ஆள் தேவைப்படுகுது. மேல ஏறிற கிளப்புக்கு, போன வருசம் அதே வழியால ஏறின ஒருத்தர் வந்து ஒரு பின்னேரம் கூட நடந்தாலே பாதிப் பாரம் குறையும். அப்பிடி ஒரு ஏற்பாடு எங்கட பக்கத்தில நான் காணேல்லை. அந்த மனிசன் தன்ர பாட்டில செய்தார்.

அதால நான் ஒரு லக்ஸ் மீற்றர் வாங்கிப்போட்டன், பழசுதான், பழைய சாமான் விக்கிற ஒருத்தரிட்ட. அடுத்த சீசன் கீழ இருந்து எங்கட டிவிஷனுக்கு ஆர் வந்தாலும் சரி, எங்களை அஞ்சு கோலால அடிச்ச ஆக்களா இருந்தாலும் சரி, வாளியோட போவன். மகனும் வாறன் எண்டவன், நம்பர் எழுத. ஏணி பிடிக்க, விஞ்ச் சுத்த ரண்டுபேர் தேவை, விருப்பமான ஆக்கள் என்னோட கதையுங்கோ.

கடைசியா ஒண்டு. வாற செவ்வாய்க்கிழமை அவற்ற கிளப்புக்குச் சொந்த கிரவுண்டில மட்ச், முதலாமிடத்தில நிக்கிற ரீமோட. வெண்டாத்தான் உயிர். எங்களுக்கு அண்டைக்கு மட்ச் இல்லை. கிளப்ஹவுஸ் வாசலில இருந்து ஆறு மணிக்கு மினிபஸ் வெளிக்கிடும், இடம் 15, மிச்ச ஆக்கள் காரில வாங்கோ. கேற்றில முழுக்காசு குடுங்கோ, கொன்செஷன் (சலுகை விலை) கேக்காதேங்கோ, எங்கட ஸ்கார்ஃப் போட்டா பரவாயில்லை. ரோல்ஸ் நான் கொண்டு வாறன், காரம் கொஞ்சம் குறைச்சு, ரண்டு பெட்டி.