வாளியைக் கவிழ்த்தால் போதாது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளித் தோட்டத்துக் குழாயடியில் ஒரு வாளி கிடந்தது. பாதித் தண்ணீர். எட்டிப் பார்த்தால், தலைகீழாகத் தொங்கும் கொசுப்புழுக்கள். என் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கிவிட்டன. அன்று காலைதான் டெங்குவைப் பற்றிப் பிள்ளைகளிடம் நீட்டி முழக்கியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. வாளியைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்த மாணவனிடம் உட்புறத்தைத் தேய்க்கச் சொன்னேன். “தண்ணிதான் போயிடுச்சே சார்?” என்றான். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. பொடிப்பொடியாக, கறுப்பாக இருக்கும். அழுக்கு என்றுதான் நினைப்போம். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். கோடை முழுக்கக் காணாமல் போன கொசு, மழை பெய்ததும் கிளம்பி வருவது இப்படித்தான். அது எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். ஆக, நம்மைக் கடிப்பது நம் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் பிறந்த கொசு.

டெங்கு கண்டவரைக் கடித்த கொசுவின் உடலுக்குள் கிருமி பெருக 8 முதல் 12 நாள் ஆகும். அப்புறம் சாகும்வரை அது நோயைப் பரப்பும். ஒரே இடத்தில் உட்கார்ந்து குடிக்கும் பழக்கமும் இதற்கு இல்லை. கை அசைந்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் பலர் படுத்துவிடுவது அதனால்தான். கிருமி இருந்தும் காய்ச்சலே வராதவர்கள் நிறைய. அவர்களிடமிருந்தும் கொசுவுக்குத் தொற்றும். “எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே” என்று இருந்துவிட முடியாது.

புகை அடித்தால் பறக்கும் கொசு சாகும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆவதால், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் சரி. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டையும் பூந்தொட்டியின் அடித்தட்டையும் மறந்துவிடாதீர்கள். இரண்டும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். வருகைப்பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது. பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். நீங்களாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவை அவை கூட்டும். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டுபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இது ஒன்றுதான். டார்ச்சும் தேய்க்கும் நாரும் கேட்டு வந்து நிற்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்