கழுத்துக்குப் பின்னால் இறங்கும் ராட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், நாற்பதைத் தாண்டிய பெண்களும் பளு தூக்கலாம் என்று அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். எழுதியிருந்த விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. மேலே போட்ட படத்தோடுதான் சண்டை. ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ராடை, அதாவது எடை மாட்டும் நீள இரும்புக் கம்பியைப் பிடித்து, தலைக்கு மேலிருந்து பின்கழுத்துக்கு இறக்குகிறார். முகத்தில் சிரிப்பு வேறு. அந்த ஒரு பயிற்சி என் வலது கையை ஏழு மாதம் முடக்கிப் போட்டது.

எனக்கு வயது 48. ஓட்டேரியில் 22 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். சர்க்கரை வந்ததும், "நடந்தா மட்டும் போதாதும்மா, தசைக்கும் வேலை கொடுங்க" என்றார் டாக்டர். தெருமுனையில் செல்போன் கடை மாடியில் ஒரு ஜிம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு. சேர்ந்தேன். மாஸ்டருக்கு என் பெரிய மகன் வயதுகூட இருக்காது. ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல்ஸ் கொடுத்தார். கோடவுன் தெருவிலிருந்து லைனிங் துணி மூட்டையை பஸ்ஸில் தூக்கி வருகிறவளுக்கு ஒரு கிலோ எந்த மூலைக்கு? நானேதான் ராட் கேட்டேன். வெறும் ராடே 20 கிலோ என்பதும், போட்டியில் பெண்களுக்கு வைக்கிற ராடே 15 கிலோதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் அது. ராடைப் பின்னால் இறக்கி ஏற்றச் சொன்னார். மூன்று செட் போட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபோது தோள் முனையில் ஊசி வைத்துத் தைத்த மாதிரி ஒரு வலி. மறுநாள் கொண்டை போட முடியவில்லை. அலமாரி மேல்தட்டிலிருந்து நூல்கண்டை எடுக்கக் கையைத் தூக்கினால் பாதி வழியில் நின்றுவிடும். மாஸ்டரிடம் சொன்னேன். "வலிச்சாத்தான் ஆன்ட்டி தசை ஏறும்" என்றார். அதை நம்பி இன்னும் இரண்டு வாரம் அதே ராடைத் தூக்கினேன்.

இப்போது எனக்கு இரண்டு வலிக்கும் வித்தியாசம் தெரியும். புதிதாகப் பயிற்சி செய்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு பக்கமும் சமமாகக் கடுக்கும், தானாகப் போய்விடும். என்னுடையது ஒரே பக்கம், ஒரே புள்ளி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்துச் சற்று மேலே வரை கொல்லும், அதைத் தாண்டிவிட்டால் குறையும். தூக்கத்திலும் எழுப்பும். அது தசை ஏறுகிற வலி இல்லை.

பிறகு எல்லாரும் செய்கிற தப்பை நானும் வரிசையாகச் செய்தேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை மூன்று வாரம். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்பில் இதைக் கணக்கில்லாமல் போட்டால் கிட்னி என்னவாகும் என்று டாக்டர் பின்னால் திட்டியபோதுதான் உறைத்தது. மாத்திரை வேலைக்காகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எண்ணெய்க் கட்டு. பதினைந்து நாள் கையை அசைக்காமல் தூளி மாதிரி தொங்கவிட்டேன். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகமாம். அதில் நானே கட்டிப் போட்டு இறுக வைத்தேன். தீபாவளி ரவிக்கைகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். 22 வருடத்தில் அது முதல் தடவை.

என்னைக் கண்டுபிடித்தது என் மாமியாரைப் பார்க்க வந்த பெண். மாமியாருக்குப் பக்கவாதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஃபிசியோதெரபிஸ்ட் வருகிறார். நான் இடது கையால் காபி ஆற்றுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் கைய தூக்குங்க, பாக்கலாம்" என்றார். தூக்கினேன், முகம் சுளித்தேன். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார், எலும்பில் ஒன்றுமில்லை.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தோள் என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து. அது நழுவாமல் பிடித்து வைத்திருப்பவை நான்கு சின்னத் தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். அதில் ஒன்றின் நார் தோள் முனை எலும்புக்கு அடியில் நுழைந்து வருகிறது. தைக்கிறவளுக்கு இது புரியாமல் போகாது. அக்குள் வளைவைக் குறைத்து வெட்டிவிட்டால், கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது ரவிக்கை கச்சிதமாகத்தான் இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கத் தூக்கும்போதுதான் பிடிக்கும். 22 வருடம் மெஷின் மேல் கவிழ்ந்து என் தோள் இரண்டும் முன்னால் கூனியிருக்கின்றன. அந்தத் தோளை விரித்து, பின்னால் தள்ளி, அதன் மேல் பாரத்தையும் வைத்தால் நார் என்ன செய்யும்? நன்றாக வளைந்துகொடுக்கும் தோள் உள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சி ஒத்துவரலாம். முதலில் தோளைப் பார்க்க வேண்டாமா?

கட்டை அவிழ்த்துவிட்டு அவர் கொடுத்த வேலைகள் பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தன. குனிந்து கையை ஊஞ்சலாக ஆட்டுவது. சுவரில் விரல்களால் ஏறுவது. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. என்னிடம் பட்டை ஏது? பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை ஜன்னல் கம்பியில் கட்டினேன். அடுத்த முறை வந்தபோது பார்த்துச் சிரித்தவர், "இனிமே ரெண்டா மடிச்சுக் கட்டுங்க" என்றார்.

சுவரில் விரல் எட்டிய இடத்தில் தினமும் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். முதல் கோடு என் கண் உயரம். சில நாள் நேற்றைய கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அன்று மெஷினை உதைக்கிற உதையில் வீடே அதிரும். ஆறு வாரத்தில் வலது பக்கம் திரும்பிப் படுத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்தக் கோடுகள் இருக்கிற இடத்தை மட்டும் விடச் சொன்னேன். கடைசிக் கோடு சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாசியில் மறுபடி ஜிம்முக்குப் போனேன், வேறு ஜிம். இப்போது தலைக்கு மேல் தூக்குவது டம்பெல்ஸ்தான். உள்ளங்கை முகத்தைப் பார்த்து, முழங்கை கொஞ்சம் முன்னால். ஒரு செட் தள்ளினால் ஒரு செட் இழுப்பு. செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடர்கிறேன். அடங்காவிட்டால் எடையைக் குறைக்கிறேன். எடை என்னவென்று கேட்காதீர்கள், ரோஸ் கலரைத் தாண்டிவிட்டேன்.

இதைச் சொன்னால், "அதான் அப்பவே சொன்னோம், பொம்பளைக்கு எதுக்கு வெயிட்டு" என்று என் வீட்டிலேயே ஆரம்பிக்கிறார்கள். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கும் தோளில் தொந்தரவு இருந்தது. 2020-ல் அமெரிக்கா போய்ச் சரிபார்த்துக்கொண்டு, 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் முறையில் தூக்கி உலக சாதனை செய்தார். அடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. நான் அவரோடு என்னைச் சேர்க்கவில்லை. பளுவை விடத் தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான். விழுந்தோ சத்தம் கேட்டோ கை எழும்பாமலே போனால், விரல்வரை மரத்துப்போனால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். இடது தோள் வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது பளு விவகாரமே இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதையும் உங்கள் கட்டுரையில் ஒரு பெட்டியில் போட்டிருக்கலாம்.

நான் கேட்பது இரண்டே. உடற்பயிற்சிப் படம் போடும் முன் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பதிலுக்குப் படம் இல்லை என்றால் உங்கள் போட்டோகிராபரை என் கடைக்கு அனுப்புங்கள். எலாஸ்டிக் இன்னும் ஜன்னல் கம்பியில்தான் இருக்கிறது, கோடுகளும் அழியவில்லை.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி,
ஓட்டேரி, சென்னை – 12.