வின்சென்ட் தே பவுல் சபை அண்ணாச்சிமாருக்கு என் நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் நான் எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்துவிட்டேன். கஷ்டப்படுகிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவும் கத்தோலிக்கர்களின் சபை அது. சேர்ந்த கையோடு இதை எழுதுகிறேன், ஏனென்றால் சபைக்காரர்கள் தாங்கள் செய்ததை வெளியே சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம், ஆகவே வாங்கியவன்தான் சொல்ல வேண்டும். எழுதட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "பேரு மட்டும் போடாதீரும், மத்தது உம்ம இஷ்டம்" என்றார் தலைவர். சரி, பேர் இல்லாமலே எழுதுகிறேன்.

நம் திருநெல்வேலியில் தாமிரபரணி பெருகி வந்த மார்கழி வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணாரப்பேட்டை என்று ஆற்றை ஒட்டி இருந்த எல்லாருக்கும் அந்த இரவு தெரியும். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவதைப் பார்த்தே வெள்ளத்தின் அளவைச் சொல்லிப் பழகிய ஊர் நாம். அந்தக் கணக்கெல்லாம் அன்று உதவவில்லை.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. கடற்கரை ஊர்களிலிருந்து வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவ அண்ணன்மார், மேலப்பாளையத்திலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் சோற்று அண்டாவைத் தூக்கி வந்த தம்பிமார், எங்கள் தெருச் சேற்றை அள்ளிய மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், மாடியில் எங்களுக்கு இடம் விட்ட எதிர்வீட்டு அக்கா, போர்வை கொடுத்த எங்கள் அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கச் செபக் குழு) வீடுகள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட கன்னியர், கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்த, இன்றுவரை யாரென்று சொல்லாத அந்தக் குடும்பம். உங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறேனே என்று நினைக்காதீர்கள். உயிரையும் வயிற்றையும் காப்பாற்றியது நீங்கள்தான்.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு ஒரு கட்டு வெள்ளைத்தாளுக்கு.

தண்ணீர் வடிந்து நாங்கள் சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பெரியவர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். இன்னொருவர் பாளையங்கோட்டையில் ஆயுள் முழுக்க புத்தக பைண்டிங் செய்தவர். அந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேருடைய ரெக்கார்டு நோட்டும் ஆய்வேடும் அவர் கைபட்டு வந்தவைதான். இரண்டு பேரையும் பூசையில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். அரிசியா, பாயா, என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என நினைத்தேன். பைண்டிங் அண்ணாச்சி கேட்டது வேறு.

"தம்பி, பத்திரம், சர்டிபிகேட்டெல்லாம் எங்க வச்சிருக்கீரு? அத எடும் முதல்ல. துணிய நாளைக்குக்கூடத் தொவைக்கலாம்."

பீரோவின் அடித்தட்டில் இருந்தது அந்த ரெக்சின் பை. திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், எங்கள் கல்யாணச் சான்றிதழ், அப்பா இறப்புச் சான்றிதழ், நடுவில் அம்மாவின் நோட்டு. என் மனைவி அதைப் பார்த்ததும் வெயிலில் பிரித்துப் போட எழுந்தாள். அண்ணாச்சி பதறிவிட்டார். நல்ல வெயிலில் போட்டால் தாள் சுருண்டு முறுகிவிடுமாம், ஈரத்தோடு இழுத்துப் பிரித்தால் எழுத்து அடுத்த தாளோடு போய்விடுமாம், நியூஸ் பேப்பருக்கு நடுவில் வைத்தால் அதன் மை இதில் ஏறிவிடும் என்பதால்தான் அச்சடிக்காத வெள்ளைத்தாளைக் கட்டாக வாங்கி பாலித்தீனில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

எதிர்வீட்டு மாடியில் நிழலான பக்கமாக இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மேலே இருந்த சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, கட்டியை அப்படியே கிடத்தி, ஓரம் தானாக விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து, ஒரு எலும்புத் தகட்டை உள்ளே நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார் அண்ணாச்சி. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டே வந்தார். ஈரம் ஏறிய வெள்ளைத்தாளை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், அதுவும் நனைந்தால் மறுபடியும். லாமினேட் செய்திருந்த சான்றிதழில் ஓரம் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தது, அதை நான்கு பக்கமும் வெட்டித் திறந்துவிட்டார். போட்டோக்களை மட்டும் காயவே விடவில்லை. ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துபோனால் அப்புறம் பிரிக்க முடியாது என்று தாம்பாளத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அதிலேயே மிதக்கவிட்டுப் பிரித்தார். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. பனைவிசிறி வைத்து விசிறிக்கொண்டிருந்தார் வாத்தியார்.

பத்திரத்துக்கும் சான்றிதழுக்கும் நகல் வாங்கலாம், அலைச்சல்தான், ஆனால் கிடைக்கும். அம்மாவின் நோட்டுக்கு எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. தபசுகாலத்தில் பாடும் பிலாக்கணப் பாட்டுகளையும், பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்திலிருந்து தனக்குப் பிடித்த பகுதிகளையும் அம்மா அதில் எழுதி வைத்திருந்தாள். பின்பக்கத்தில் எங்கள் ஐந்து பேரின் பிறந்த நாள், ஞானஸ்நானம் வாங்கிய நாள், ஞானத்தாய் தகப்பன் பேர் எல்லாம். முன்பகுதி பேனா மையில் எழுதியது, அது நீலமாகக் கரைந்து பரவிவிட்டது, கொஞ்சம்தான் படிக்க முடிகிறது. பின்பகுதி பால்பாயிண்டில் எழுதியது, அத்தனையும் பிழைத்துவிட்டது. அண்ணாச்சி கரைந்த தாள்களையும் தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் காயவைத்து, பாரம் வைத்து நிமிர்த்தி, பிறகு தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நூல் போட்டுத் தைத்து, காலிகோ அட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் என்னை முறைத்த முறையை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகும் இருவரும் வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துவிட்டு, பிள்ளை காலேஜ் போகிறாளா, உமக்கு ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தூக்கம் வருகிறதா என்று வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு போட்டோ எடுக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து கேட்கவில்லை. பக்கத்து பாய் வீட்டுப் பத்திரமும் கோடி வீட்டுத் தம்பியின் ஐடிஐ சான்றிதழும் அதே மாடியில்தான் காய்ந்தன, யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

அப்புறம்தான் இந்தச் சபை என்ன என்று விசாரித்தேன். 1833இல் பாரிசில் தொடங்கியது. தொடங்கியவர் பிரெடெரிக் ஓசானாம், லியோனிலிருந்து சட்டம் படிக்க வந்த மாணவர், அப்போது வயது 20. அதற்கு முந்தின வருஷம் பாரிசைக் காலரா போட்டு எடுத்திருந்தது. உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்னதான் செய்கிறது என்று வாதத்தில் எதிர்த்தரப்பினர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக நண்பர்கள் சிலரோடு ஏழைகளின் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். எப்படிப் போவது, என்ன பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசாலி ரெந்து (Rosalie Rendu) என்ற அருள்சகோதரி. ஓசானாம் 40 வயதிலேயே இறந்துவிட்டார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். மனைவி, மகள் என்று குடும்பம் நடத்தியவர், பேராசிரியராக வேலை பார்த்தவர். நம்மைப் போல சம்பளத்துக்குப் போய்வந்த ஒரு மனிதர் என்பது எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது.

வீட்டுக்குப் போவதுதான் சபையின் வேர், இரண்டிரண்டு பேராக. எந்த அன்புப்பணியும் சபைக்கு அந்நியமானது இல்லை என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. பத்திரம் காயவைப்பதும் அதில் அடக்கம் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்து, இங்கே எது போனால் திரும்பாது என்று அவராகக் கண்டுகொண்டார். ஒரு சுமை சாமானை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. அவர்கள் செய்ததும் பெரிய உதவி, அதை நான் குறைக்கவில்லை, ஆனால் உட்கார்ந்து பார்க்கிற கண் வேறு.

கூட்டம் எளிமையானது. செபம், சின்ன வாசகம், போன வாரம் எந்த வீடுகளைப் பார்த்தோம் என்ற அறிக்கை, அடுத்த வாரம் யார் எங்கே என்ற பங்கீடு. கடைசியில் இரகசியக் காணிக்கை. பையைச் சுற்றி விடுவார்கள், எல்லாரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், யார் போட்டார், யார் போடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒன்றும் இல்லாதவனும் அந்தப் பையின் முன்னால் மற்றவர்களுக்குச் சமம். பல நாடுகளில் பெண்களும் இதில் இருக்கிறார்கள். எங்கள் கிளையில் இப்போதைக்கு ஆண்கள்தான், அதிலும் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். நாற்பதுகளில் இருக்கிற நாம் சிலபேராவது போக வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

என் பங்குக்கு ஒன்றை முடிவு செய்திருக்கிறேன். பைண்டிங் அண்ணாச்சியிடம் தைக்கவும் பிரிக்கவும் சாயங்காலங்களில் கற்றுக்கொண்டு வருகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆற்றோரத்து வீடுகளுக்கு வாத்தியாரோடு போய், தாள்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு பரணுக்கு ஏற்றும்வரை இருந்துவிட்டு வருவேன். யார் வீட்டிலாவது வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக் காய்ந்துபோன கட்டு இன்னும் கிடந்தால் இழுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே கொண்டு வாருங்கள். அண்ணாச்சி பார்த்துச் சொல்வார், வெள்ளைத்தாள் வாங்குவது என் செலவு.