உள்ளே வந்த கால்சியமே கதவைச் சாத்தும்

கண்ணம்மா,

நேற்று போனில், "கால்சியம் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுதும்மா. ரெண்டு நாள் போடலைன்னா பாப்பாவுக்கு ஏதும் ஆயிடுமா?" என்று கேட்டாய். "ஒண்ணும் ஆகாது, ஆனா போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியிருக்கிறேன், உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

மாடு கன்று போட்டதும் தாத்தா நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு நஞ்சு என்று பேர் வைத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. உன் வயிற்றில் பாப்பாவுக்காக ராப்பகலாக உழைப்பது அதுதான்.

உன் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கும் அதன் மேல்படலம் விசித்திரமானது. செல்கள் ஒன்றோடொன்று கலந்து, நடுவில் சுவரே இல்லாமல் ஒரே விரிப்பாகிவிட்டன. பிரசவ சமயத்தில் மடிப்பையெல்லாம் பிரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும். பாப்பாவுக்குப் போகிற கால்சியம் பெரும்பாலும் இதற்குள் புகுந்துதான் போகிறது. புகும் வழிதான் அயனிக் கால்வாய், புரதத்தால் ஆன நுண்ணிய துளை. கால்சியத்துக்கு முக்கியமான கால்வாயின் பெயர் டிஆர்பிவி6.

வெளியே ரத்தத்தில் இருப்பதைவிடச் செல்லுக்குள் தனித்துத் திரியும் கால்சியம் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. திறந்தே விட்டால் கொட்டிவிடும். அளவு மிஞ்சினால் செல்லே செத்துப்போகும். அதனால் கால்மோடுலின் என்று ஒரு சின்னப் புரதம் உள்ளேயே இருக்கிறது. நுழைந்த கால்சியம் அதில் ஒட்டிக்கொண்டதும், அது கால்வாயின் உள்வாயை வந்து அடைக்கிறது. ஏரி மதகில் ஷட்டரை இறக்க ஆள் வேண்டும். இங்கே உள்ளே வந்த தண்ணீரே ஷட்டரை இறக்குகிறது! அளவு தணிந்தால் மறுபடி திறக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் கால்பிண்டின் என்ற புரதம் அதை மறுகரைக்குக் கொண்டு சேர்க்கும். பாப்பாவின் ரத்தத்தில் உன்னுடையதைவிடக் கால்சியம் அதிகம், தானாக ஏறாது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து பம்ப் பண்ணித்தான் ஏற்ற வேண்டும்.

பிறக்கும்போது பாப்பாவின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. உன் குடலும் இப்போது வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு உறிஞ்சுகிறது. அதனால் ரெண்டு நாள் விட்டதற்குப் பயப்படாதே. ஆனால் சாப்பாட்டில் தொடர்ந்து போதாவிட்டால், உன் எலும்பிலிருந்துதான் கரையும். நீ பாப்பாவைப் பற்றிக் கேட்டாய்; எனக்குக் கவலை உன்னைப் பற்றி. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தை மாத்திரை குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதற்காகவே சிபாரிசு செய்கிறது.

வெறும் வயிற்றில் போடாதே, சாப்பிட்டதும் போடு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. குமட்டல் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேள். பால் இறங்கவில்லை என்றால் விடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாவு அரைத்து டப்பாவில் போட்டுவிட்டேன், வளைகாப்புக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா