கன அடி போதாது, எந்தத் தெரு வரை தண்ணீர் வரும் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். முழுக் கொள்ளளவு பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பதெல்லாம் தாமிரபரணிக் கரையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று ஒரு வரி வந்தால், ஆற்றின் கடைப்பகுதியில் ஏரலிலோ ஆத்தூரிலோ இருக்கிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தண்ணீர் நம் தெருவுக்கு வருமா, வந்தால் முழங்காலளவா கழுத்தளவா, எத்தனை மணிக்கு வரும் என்பதுதானே அவருக்குத் தெரிய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாகக் காயல்பட்டினத்தின் அந்த 95 அளவுக்கு இருக்காது, அது ஒரு நாளில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு மாட்டிக்கொண்டதும், ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதும் நாடு முழுக்கச் செய்தியானது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, ஊரே துண்டிக்கப்பட்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து அந்தத் தண்ணீர் தூத்துக்குடி பக்கம் பாய்ந்தது.

அன்றைக்குப் பலர் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. "92 வெள்ளத்திலேயே இங்கே தண்ணீர் ஏறவில்லை, இப்போது மட்டும் ஏறிவிடுமா" என்று பெரியவர்கள் சொன்னார்கள், வீட்டில் இருந்தவர்களும் நம்பினார்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது. 1992 நவம்பரில் வந்தது மலைத் தண்ணீர். பொதிகைப் பக்கம் கொட்டி, அணைகள் தாங்காமல் திறந்துவிட, அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஆற்றோடு இறங்கிய வெள்ளம் அது. 2023-ல் மலையிலும் மழை, சமவெளியிலும் மழை. அணைக்குக் கீழே திருப்புடைமருதூரில் கடனாநதி சேர்கிறது, சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது, ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு, அதைத் தாண்டினால் புன்னைக்காயல் கடல் வரை பெரிதாகத் தடுக்க ஒன்றுமில்லை. இது போதாதென்று குளங்கள் வேறு உடைந்து, ஆறே இல்லாத திசையிலிருந்தெல்லாம் தண்ணீர் வந்தது. அணையின் கன அடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பழைய ஆட்கள் ஆற்றை அளக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயிலில் எந்த இடம் வரை தண்ணீர் ஏறியது என்று கேட்டாலே நெல்லைக்காரருக்கு வெள்ளத்தின் அளவு புரிந்துவிடும். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதியையே 1869 வெள்ளம் இடித்துக்கொண்டு போனது, அப்புறம் 1871-ல்தான் சரிசெய்தார்கள். தினமும் அந்தப் பாலத்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எழுதி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. அம்பாசமுத்திரம் முதல் புன்னைக்காயல் வரை ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, பேருந்து நிலையம், பாலத்தின் தூண் என்று எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், 1992-ல் இதுவரை, 2023-ல் இதுவரை என்று கோடு போட்டு வருடத்தை எழுத வேண்டும், அது ஆற்றுத் தண்ணீரா குளம் உடைந்த தண்ணீரா என்பதையும் சேர்த்து. 92-ஐப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இப்போதே கேட்டுவிட வேண்டும். 2023-க்கு எல்லோர் போனிலும் படம் இருக்கிறது. சுவரில் படிந்த சேற்றுக்கறையைத்தான் பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைத்துவிட்டோம். இதை ஓர் அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டில் இருந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு யார் போய்ப் பார்ப்பது?

கோடு போட்டுவிட்டால் எச்சரிக்கையையும் மாற்றிச் சொல்லலாம். "92 கோட்டுக்கு மேலே ஒரு முழம் வரும், கீழத்தெருக்காரர்கள் சாயங்காலத்துக்குள் கிளம்புங்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மேலே எந்தக் குளத்தின் கரை பலவீனமாக இருக்கிறது, அது உடைந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்பதும் உள்ளூர் விவசாயிகளுக்கு அத்துப்படி, அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாலே போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அணை நீர்மட்டக் கட்டத்தில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் போகிற தண்ணீரின் அளவையும், கரையோர ஊர்களில் முந்தின நாள் பெய்த மழையையும் சேர்த்துப் போடுங்கள். இந்தப் பருவமழைக்கே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஏரல் வாசகர் ஒருவர்