வினிபெக்கிலிருந்து காசிமேட்டுக்கு: நெத்தி லைட் பற்றி

வினிபெக்,
ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் பேசும்போது உன் பக்கம் ஒரே இரைச்சல், நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு ஐஸ் மேல உட்கார்ந்து மீன் பிடிக்கிறியாமே, அந்த லைட் நம்ம போட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டாய். ஆகும் அண்ணா. ஆனால் இங்கே நான் கட்டிக்கொள்வதை அப்படியே அங்கே கொண்டுவந்தால் சரிப்படாது. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். காகிதத்தில் இருந்தால் உன் ஆட்களுக்கும் படித்துக் காட்டலாம்.

நான் போகும் இடம் வினிபெக் ஏரியின் தெற்குப் பக்கம், கிம்லி என்ற ஊர். 1875இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். அன்றைக்கு அவர்களுக்குச் சோறு போட்டதும் மீன்தான். ஏரி என்றதும் புழல் ஏரியை நினைத்துக்கொள்ளாதே. 24,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கரையில் நின்றால் அக்கரை தெரியாது, காற்று அடித்தால் அலை எழும். அவ்வளவும் இப்போது மேலே இறுகிக் கிடக்கிறது. ஐஸ் மேல்பக்கம் மட்டும்தான் கட்டும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீனும் இருக்கும். நடந்து போக நல்ல தெளிவான ஐஸ் 4 அங்குலமாவது வேண்டும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. கார் ஏற வேண்டுமென்றால் ஓரடி. வெள்ளையாகப் பூத்த ஐஸ் தெளிவான ஐஸின் பாதி பலம்தான் தாங்கும். ஜனவரியில் அந்தப் பயம் குறைவு, ஆனாலும் கடப்பாரையால் தட்டிப் பார்க்காமல் நான் அடி எடுத்து வைப்பதில்லை. இருட்டில் லைட்டைத் தாழ்த்தி, தரையோடு தரையாக அடித்துப் பார்த்தால் விரிசல் நிழல் விழுந்து தெரியும். நேரே மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான்.

ஏன் இருட்டில் போகிறாய் என்று அம்மா கேட்பார். இங்கே பகல் என்பதே கொஞ்சம்தான் அண்ணா. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும், காலையில் எட்டரை ஆகும் எழுந்திருக்க. முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்து வெளியே வரும்போதே பொழுது சாய்ந்திருக்கும். மீனும் அந்த நேரத்தில்தான் கடிக்கும். நான் பிடிப்பதை இங்கே பிக்கரல் என்பார்கள், மற்ற ஊர்களில் வால்ஐ. பூனைக் கண்ணின் பின்புறம் இருப்பது போன்ற ஒளி திருப்பும் சவ்வு இந்த மீன் கண்ணிலும் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் சின்ன மீன்கள் தடுமாறும் நேரம் பார்த்து இது இரை தேடும். லைட் அடித்தால் கண் பளபளவென்று மின்னும். சதை வெள்ளை வெளேர் என்று, பொரித்தால் நம்ம கிழங்கான் மாதிரி உதிரும்.

நம் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போனதில்லை. அம்மாவுக்கு ஏலக்களம் வரைக்கும்தான் கடல். அப்பாவோடு ஒருநாள் போட்டில் போக வேண்டும் என்று நான் அழுதது உனக்கு நினைவிருக்கும். இங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை. லைசென்ஸ் வாங்கினேன், தூண்டில் வாங்கினேன், போனேன். ஐஸில் போட்ட துளையில் தூண்டில் நரம்பு இழுபடும்போது அப்பா கை ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை.

சரி, லைட்டுக்கு வருகிறேன். ஐஸ் மேல் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கையும் வேண்டும். துளை போடும் ஆகரை இரண்டு கையால் பிடிக்க வேண்டும். துளையில் மிதக்கும் ஐஸ் தூளைக் கரண்டியால் வாரிக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். கனடாவில் நான் இருக்கும் இந்த மானிடோபா மாகாணத்தில் கொக்கியின் உள்முள்ளை நசுக்கிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சட்டம். அதனால் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் கழன்று போகும். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது.

என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவின் கணவர் இந்த ஏரியிலேயே வலை போட்டுப் பிழைப்பவர். அவரோடு போய் ஐஸுக்கு அடியில் வலை விடுவதைப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாய். ஜிகர் என்று ஒரு நீளப் பலகை. நடுவில் நீள ஓட்டை, அதில் ஓர் இரும்புக் கை. துளை போட்டு, பலகையைத் தண்ணீருக்குள் தள்ளினால் அது ஐஸின் அடிப்பக்கம் ஒட்டி மிதக்கும். கயிற்றை இழுத்தால் இரும்புக் கை ஐஸைக் குத்தி உந்தும், பலகை ஓரடி முன்னே போகும். விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இப்படியே ஐஸுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து போய்விடும். மேலே ஒருவர் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கூட நடக்கிறார். பலகை நின்ற இடத்தில் இன்னொரு துளை, அதன் வழியே கயிற்றை எடுத்து, கயிற்றின் பின்னால் செவுள் வலையை இழுத்துக்கொள்கிறார்கள். கடலில் நாம் போட்டை ஓட்டிக்கொண்டே விடும் வலையை, இவர்கள் நின்ற இடத்திலிருந்து கூரைக்கு அடியில் விடுகிறார்கள்.

அவர் லைட்டைத்தான் நான் உற்றுப் பார்த்தேன். நெத்தியில் வெறும் விளக்கு மட்டும். பேட்டரிப் பெட்டி அங்கே இல்லை. ஒரு வயர் காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்துத் துணிக்குள் நுழைந்து, ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டுக்குப் போகிறது. பேட்டரி அவர் மார்புச் சூட்டில் இருக்கிறது. விளக்கின் பட்டையில் மூச்சுக் காற்று உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, விளக்கு மட்டும் அசராமல் எரிந்தது.

காரணம் இதுதான். எல்இடிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, குளிரில் இன்னும் நன்றாகவே எரியும். சாவது பேட்டரி. கடையில் வாங்கும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த ரசாயனம். மைனஸ் 18 டிகிரிதான் அதற்கு எல்லை. இங்கே ஜனவரி இரவு மைனஸ் 20ஐத் தாண்டுவது சாதாரணம். ஒருமுறை போட்டு எறியும் லித்தியம் ஏஏ பேட்டரி மைனஸ் 40 வரை தாங்கும், விலை அதிகம். சார்ஜ் செய்யும் லித்தியம் அயான் குளிரில் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தீரும். அதை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் செய்யவே கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். அதனால் வீட்டுக்குள் கொண்டுவந்து, சூடு ஏறின பிறகுதான் சார்ஜில் போடுவேன்.

இந்தக் கவலை எதுவும் உனக்கு வேண்டாம். உனக்குப் பகை உப்புத் தண்ணீரும் வெயிலும். அங்கே பார்க்க வேண்டியது வேறு. தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஒரு குறி இருக்கும். ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது. உனக்கு ஏழுக்குக் குறைந்தது வேண்டாம். ஆனால் அந்தச் சோதனை எல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. உப்பு, பேட்டரி தொடும் தகடுகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அதன் பிறகு திற. மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதில் மண்ணோ செதிலோ ஒட்டாமல் பார்த்துக்கொள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி வை. உள்ளேயே விட்டால் ஆல்கலைன் பேட்டரி கசிந்து லைட்டை அரித்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை வைத்து ஏமாந்துவிடாதே. ஆயிரம் லூமன், இரண்டாயிரம் லூமன் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. மீன் பிரிக்கவும் வலை பொத்தவும் 200, 300 தாராளம். இங்கே பெரிய வெளிச்சம் போட்டால் நம் மூச்சே புகையாக எழுந்து அதில் பட்டு, கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். மூடுபனியில் உனக்கும் அதே கதிதான். எத்தனை மணி நேரம் எரியும் என்று போடுகிறார்களே, அது முதலில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காக மங்கும் வரை உள்ள கணக்கு. எத்தனை மீட்டர் தூரம் என்பது பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம் எட்டும் தூரம். நிலா வெளிச்சத்தில் எவ்வளவு தெரியும் என்பது கடலுக்குப் போகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்பு விளக்கு உள்ளதாகத்தான் வாங்கியிருக்கிறேன். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போகும். மங்கலான சிவப்பில் அந்தப் பழக்கம் பெரிதாகக் கெடாது. இங்கே ஐஸ் மேல் போட்ட குடிலுக்குள் நரம்பு மாற்றும்போது சிவப்பில்தான் மாற்றுவேன், வெளியே வந்தால் நட்சத்திரம் உடனே தெரியும். ஆனால் நீ இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் அண்ணா. படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எண்ணூர்ப் பக்கம் கப்பல் போகும் வழியில் நீ சிவப்பு லைட்டை நெத்தியில் கட்டிக்கொண்டு கப்பலைப் பார்த்துத் திரும்பினால், அவர்கள் அதை உன் போட்டின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். சிவப்பை ஓட்டும் அறைக்குள் மட்டும் போடு. போட்டின் விளக்குகள் எப்போதும் எரியட்டும், நெத்தி லைட் அதற்கு மாற்று இல்லை. இன்னொன்று, ஆட்கள் எல்லாரும் கட்டிக்கொண்டால் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது கண் கூசும். பேசும்போது லைட்டைக் கீழே மடக்கச் சொல். வலை இழுக்கும் வின்ச் ஓடும்போது கண் கூசினால் கை போய்விடும்.

இதைக் கொண்டு மீனைக் கூட்டலாமா என்று உன் ஆட்கள் யாராவது கேட்பார்கள். கடலில் எல்இடி போட்டு மீனைச் சேர்த்துப் பிடிப்பதை 2017 நவம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அது நல்ல தடை என்றுதான் நான் நினைக்கிறேன். வெளிச்சத்துக்கு வரும் குஞ்சும் குறுமீனும் எல்லாமே ஒரே வலையில் போய்விட்டால் கரையோரம் சின்ன வலை வைத்திருப்பவன் என்ன செய்வான்?

இங்கே வேட்டைக்காரர்களுக்கும் லைட் விஷயத்தில் சட்டம் கடுமை. சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னாலிருந்து விழுந்து அரை மணி வரைதான் பொதுவாகச் சுட அனுமதி. மானின் கண்ணில் லைட் அடித்து நிறுத்திச் சுடுவது குற்றம். பிறகு நெத்தி லைட் எதற்கென்றால், விடியும் முன்னே காட்டுக்குள் நடந்து போக, தூரத்தில் இருக்கும் மற்ற துப்பாக்கிக்காரருக்கு "இங்கே மனிதன் வருகிறான்" என்று தெரிய, அடிபட்ட மானை இருட்டில் ரத்தத் தடம் பார்த்துத் தேட. ஒரு மானை அடித்துவிட்டுத் தேடாமல் விடுவதை அந்த அக்கா வீட்டில் பெரும் பாவமாக நினைக்கிறார்கள். அக்காவின் கணவர் சொன்ன ஒன்று மனதில் நின்றது: சிவப்பு லைட்டில் ரத்தம் தெரியாது, காய்ந்த இலையோடு கலந்துவிடும். மலிவான நீல வெள்ளை எல்இடியிலும் சிவப்பு செத்துப்போய்த்தான் தெரியும். நிறத்தைச் சரியாகக் காட்டும் இளமஞ்சள் வெள்ளை வேண்டும்.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்தில் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே கூடை எடுக்கிறார். அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தச் செவுள் ரத்தச் சிவப்பு, எது பழுப்பு என்று அம்மா கண்ணுக்கு இப்போது தெரியுமா?

அதனால் மூன்று லைட் அனுப்புகிறேன். மாசியில் ஊருக்கு வரும் தோழி ராயபுரத்தில் வந்து கொடுப்பாள். கறுப்புப் பட்டை இரண்டும் உனக்கு, ஐபிஎக்ஸ்7, ஏஏ பேட்டரி போடுவது. நடுக்கடலில் சார்ஜ் தேட வேண்டாம். பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதே. நீலப் பட்டை அம்மாவுக்கு, இளமஞ்சள் வெளிச்சம், எடை குறைவு. தலையில் கூடை வைக்கும் சும்மாடு இடிக்கும் என்றால் கழுத்தில் தொங்கவிடச் சொல், விளக்கை மேல்நோக்கி மடக்கிக்கொள்ளலாம். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் மங்கல், இரண்டு தடவை அழுத்தினால் பிரகாசம். அண்ணியை ஒருநாள் கூடப் போய்ப் பழக்கிவிடச் சொல். அம்மா முதல் நாள் எந்த மீன் எடுத்தார், லைட்டில் செவுள் எப்படித் தெரிந்தது என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தங்கை